அம்மா எழுத, மகள் வரைய: கியோட்டோ பயணத்துக்கு ஒரு பட டைரி செய்யும் முழு வழிமுறை

"வாழைப்பழம் 2, தயிர் 1, தண்ணீர் 1. சில்லறை சரி."

எங்கள் ஜப்பான் டைரியின் முதல் வரி இதுதான். எழுதியது அம்மா. கியோட்டோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியதை, திருச்சி வீட்டில் நாற்பது வருஷமாகக் கணக்கு நோட்டில் எழுதுகிற மாதிரியே எழுதிவிட்டாள். எதிர்ப் பக்கத்தில் நான் அந்த வாழைப்பழத்தை வரைந்தேன். ஒவ்வொரு பழத்துக்கும் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை. அதைப் பார்த்து அம்மா கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: "பழத்துக்கு ஏற்கனவே தோல் இருக்கே!"

நவம்பர் மாதம், ஒன்பது நாள், 63 வயது அம்மாவும் நானும் மட்டும். கியோட்டோவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்தே பக்கத்து ஊர்களான உஜி, நாரா என்று போய்வந்தோம். அப்படிச் செய்த டைரியைப் பார்த்தவர்கள் எல்லோரும் "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். கியோட்டோவை வைத்துச் சொன்னாலும், முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: டைரி யாருடையது?

நோட்டு வாங்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். மகள் வரைவாள், அம்மா படத்தில் இருப்பாள் என்று தொடங்கினால், கடைசியில் அது மகளின் ஓவிய நோட்டாகத்தான் இருக்கும். குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற ஓர் உருவமாக அம்மா மாறிவிடுவாள். அவள் என்ன பார்த்தாள், எதை நினைத்தாள் என்பது நோட்டில் ஏறாது.

நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. நோட்டைத் திறந்தால் இடப்பக்கம் அம்மாவுக்கு, வலப்பக்கம் எனக்கு. அவள் பக்கத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்: கணக்கு, கோலம், புகார், சமையல் குறிப்பு. நான் திருத்த மாட்டேன், எழுத்துப் பிழையைக்கூடத் தொட மாட்டேன். ஒரு நாளுக்கு ஓர் இரட்டைப் பக்கம் கட்டாயம், அதற்கு மேல் வந்தால் மகிழ்ச்சி.

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் 'எநிக்கி' எழுதுவார்கள், அதாவது படக் குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்திலும் மேல் பாதி படத்துக்கு வெற்றிடம், கீழ் பாதி எழுத்துக்குக் கட்டம். ஒரு நூறு யென் கடையில் அந்த நோட்டைப் பார்த்ததும் அம்மா சொன்னாள்: "நாம செய்யறதத்தான் இங்க சின்னப் பசங்க செய்யுதுங்க." தயக்கம் உள்ளவர்கள் இந்த அமைப்பிலேயே தொடங்கலாம். மேலே மகளின் படம், கீழே அம்மாவின் நாலு வரி. அதுவே போதும்.

சாமான்கள்

நிறைய வாங்காதீர்கள். பையைத் தூக்குவது நீங்கள், காத்திருப்பது அம்மா. ஒவ்வொரு சாமானையும் எடுத்து வைக்கும்போது இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு ஏ5 அளவு, தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல். அதைவிட மெல்லிய தாளில் வாட்டர் கலர் வைத்தால் நெளிந்துவிடும், பின்பக்கம் அம்மாவால் எழுத முடியாது. ரொம்பச் சொரசொரப்பான தாளும் வேண்டாம். பிரஷுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பால்பாயின்ட் பேனா தடுக்கித் தடுக்கிப் போகும். எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் நடுவில் ஒத்துப்போகிற தாளைக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். கையோடு அம்மாவையும் கூட்டிப்போங்கள்.

பன்னிரண்டு நிறம் கொண்ட கட்டி வாட்டர் கலர் பெட்டி, கைப்பிடியில் தண்ணீர் நிரப்புகிற வாட்டர்பிரஷ் ஒன்று, தண்ணீர் பட்டாலும் கரையாத கறுப்பு மைப் பேனா இரண்டு (0.3, 0.5), 2பி பென்சில், ரப்பர், பசைக் குச்சி, நாலு துணிக்கிளிப், பழைய காட்டன் துணி. அம்மாவுக்குச் சாதாரண நீல பால்பாயின்ட் பேனா. அந்த மை எண்ணெய் கலந்தது, மேலே ஈர பிரஷ் பட்டாலும் பெரும்பாலும் கலையாது. பல ஜெல் பேனாக்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே அவள் எழுதியது பரவிவிடும்.

விமானத்தில் வாட்டர்பிரஷைக் காலியாகக் கொண்டுபோங்கள். மை நிரப்புகிற பேனா எடுத்துப்போனால் முள் மேல்நோக்கி இருக்க வேண்டும். என்னுடைய பேனா படுத்த வாக்கில் இருந்ததால் மை கசிந்து, அம்மாவின் சால்வை ஓரத்தில் கறை. அந்தக் கறையின் வடிவத்தையும் முதல் நாள் பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். கத்தரிக்கோலும் கட்டரும் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள்.

கியோட்டோ தெருக்களில் குப்பைத் தொட்டி அபூர்வம். நிறம் துடைத்த காகிதத்தைப் போட ஒரு சின்னப் பை அவசியம்.

கிளம்பும் முன் இரண்டு வாரம்: கையைப் பழக்குவது

"எனக்கு வரையல்லாம் வராதுடி" என்றுதான் எல்லா அம்மாவும் தொடங்குவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் மார்கழி மாதம் 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை என்று வாசலில் அளவுகோல் இல்லாமல் வைக்கிறவள் அவள். குனிந்த நிலையில், விரல் இடுக்கில் மாவை வைத்துக்கொண்டு, அழிக்காமல் ஒரே இழுப்பில் வளைவு போடுகிற கை அது. அந்தக் கைக்கு வரையத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அதனால் அம்மாவிடம் "வரை" என்று சொல்லாதீர்கள். புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஜப்பானியத் துணிகளிலும் மரச் சட்டங்களிலும் 'அசநோஹா' என்று ஒரு வடிவம் அடிக்கடி கண்ணில் படும். சணல் இலை என்று பொருள். ஆறு முனை நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். அதை அளவுகோல் வைத்து வரைந்தால் எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. அம்மா பார்த்த உடனே, "இது ஊடுபுள்ளிக் கோலம்தானே" என்று சொல்லி, சந்து சந்தாகப் புள்ளி வைத்து ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். அலை அலையாக அரைவட்டங்கள் அடுக்கியிருக்கிற 'சேகைஹா' வடிவமும் அப்படித்தான். மீன் செதிள் மாதிரி ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசை உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே நாலைந்து பக்கம் போட்டுப் பாருங்கள். காபி டம்ளர், சாவிக்கொத்து, செருப்பு என்று பத்து நிமிடத்தில் முடிகிற பொருட்களை நீங்கள் வரையுங்கள். எதிர்ப் பக்கத்தில் அம்மா ஏதாவது எழுதட்டும். ஊருக்குப் போய்தான் முதல்முறை இரண்டு பேரும் ஒரே நோட்டைத் தொடுவது என்றால் கூச்சம் வரும், முதல் மூன்று நாள் அதிலேயே போய்விடும்.

நாளை எப்படிப் பிரிப்பது

நவம்பர் கடைசியில் கியோட்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வரைகிற வெளிச்சம் காலையில்தான். கூட்டமும் அப்போதுதான் குறைவு. எனவே காலை ஓர் இடம், அங்கே ஒரு படம், மதியம் நடை, இரவு அறையில் அம்மாவின் எழுத்து என்று பிரித்துக்கொண்டோம்.

நான்காம் நாள் எங்களுக்குள் மனஸ்தாபம். காமோ ஆறு இரண்டு கிளையாக வந்து கூடுகிற இடத்தில் ஆமை வடிவத்திலும் பறவை வடிவத்திலும் கற்களைப் போட்டிருப்பார்கள், அவற்றின்மேல் கால் வைத்து ஆற்றைக் கடக்கலாம். எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்துவிட்டது. ஐம்பது நிமிடம் வரைந்திருக்கிறேன். அம்மா குளிர் காற்றில் கல் திட்டில் உட்கார்ந்தே இருந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவு அவள் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஆத்தங்கரை. காத்து. கால் வலி."

அதற்குப் பிறகு வந்த விதிதான் இந்த டைரியைக் காப்பாற்றியது. வெளியே ஒரு படத்துக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. அம்மா போனில் அலாரம் வைத்துக்கொள்வாள். அது அடித்தால் படம் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். மிச்ச நிறத்தை இரவு வைக்கலாம். பாதியில் நிற்கிற படம் அப்படியே நிற்கட்டும் என்றாலும் சரிதான். என் டைரியில் பாதியில் நின்ற படங்கள்தான் உயிரோடு இருக்கின்றன. அந்த நாலு வார்த்தைப் பக்கத்தையும் கிழிக்கவோ மறைக்கவோ செய்யாதீர்கள், உங்கள் டைரியிலும் அப்படி ஒன்று வரும்.

ஒரு பக்கத்தை முழுதாக: ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாயில்கள்

முறை புரிய ஒரு பக்கத்தை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன். கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் ரயில் நிறுவனத்தின் நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கோயில். கட்டணம் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை, அதனால் காலை ஏழு மணிக்கே போய்விடலாம். இனாரி மலை 233 மீட்டர் உயரம், வழி நெடுக ஆயிரக்கணக்கான 'தோரி' வாயில்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் மலை ஏறத் தேவையில்லை. நெருக்கமாக வாயில்கள் நிற்கிற பகுதி முதன்மைக் கோயிலுக்குப் பின்னால் சில நிமிட நடையிலேயே வந்துவிடும்.

எத்தனை வாயில் வரைவது என்று மலைக்க வேண்டாம். நான்கு போதும்.

பென்சிலால் பக்கத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி வையுங்கள். பாதை போய் மறைகிற இடம் அது. முதல் வாயிலைப் பக்கத்தின் ஓரத்தைத் தொடுகிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள்: இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குக் கட்டை. அடுத்தது அதற்குள், இன்னொன்று அதற்குள் என்று, பாத்திரக் கடையில் அடுக்குச் சட்டி இருக்குமே, அந்த மாதிரி. எல்லாத் தூண்களின் அடியும் அந்தப் புள்ளியை நோக்கியே போக வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம்.

பேனாவால் முதல் இரண்டு வாயிலை மட்டும் அழுத்தமாக வரையுங்கள். உள்ளே இருப்பவற்றைப் பென்சிலிலேயே விடுங்கள், தூரம் தானாக வரும். தூண்களின் அடிப்பகுதிக்குக் கறுப்பு நிறம் அடித்திருப்பார்கள். அதைப் பேனாவாலேயே நிரப்பிவிடுங்கள். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் வாயில்கள் தரையில் நிற்காமல் மிதக்கும்.

நிறம் வைக்கும்போது அவசரம் கூடாது. சிவப்பில் மஞ்சள் கொஞ்சம் கலந்து, நிறையத் தண்ணீரோடு எல்லா வாயிலுக்கும் ஒரே பூச்சு. குளிர் காலத்தில் காய நேரமாகும், அந்த இடைவெளியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கலாம். காய்ந்த பிறகு அதே நிறத்தில் ஒரு துளி நீலம் கலந்து, தூண்களின் உள்பக்கத்துக்கும் கட்டைகளின் அடிக்கும் மட்டும் இரண்டாம் பூச்சு. நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், சிவப்பு செத்துவிடும். மரங்களுக்கு ஈரமான பச்சையைச் சும்மா தொட்டுவிட்டால் போதும்.

இன்னொன்று. ஏறும்போது தூண்களில் எழுத்து தெரியாது. இறங்கும்போது திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தூணிலும் அதை அளித்தவரின் பெயரும் தேதியும் கறுப்பில் இருக்கும். அம்மா அதைத்தான் முதலில் கவனித்தாள். "நம்ம கோயில்ல ட்யூப் லைட்ல உபயம்னு எழுதுவாங்களே, அதேதான்" என்று அவள் பக்கத்தில் எழுதினாள். நான் ஒரே ஒரு தூணின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே எடுத்தேன். தெரியாத எழுத்தைக் கிறுக்கலாகப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று எழுத்து போட்டாலும் பார்த்துச் சரியாகப் போடுங்கள்.

நாராவில் நோட்டைப் பத்திரமாக வைப்பது

நாரா பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் தெருவிலேயே திரிகின்றன. பிஸ்கட்டுக்காகத் தலை வணங்கும், கிடைக்காவிட்டால் துணியை இழுக்கும், காகிதத்தையும் தின்னும். வரைபடத்தைக் கையில் பிடித்திருந்த ஒருவரிடமிருந்து ஒரு மான் பாதியைக் கடித்துக்கொண்டு போனதை அம்மா கண்ணால் பார்த்தாள். எனவே பிஸ்கட் வாங்கும் முன்பே வரைந்து முடித்து, நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிடுங்கள்.

படம் வரைகிறவர்களுக்கு ஒரு விஷயம். கோடையில் இந்த மான்களுக்கு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். குளிர்காலத்தில் ரோமம் மாறி, புள்ளி இல்லாத சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். நவம்பரில் போய்விட்டு நினைவிலிருந்து புள்ளி மான் வரைந்தால் தப்பாகிவிடும். எதிரில் நிற்பதைப் பாருங்கள். மான் அசையாமல் நிற்காது, அதனால் ஒரே பக்கத்தில் ஐந்தாறு சின்ன உருவங்களைத் தொடங்குங்கள். ஒன்று தலை திருப்பினால் அடுத்ததற்குப் போங்கள். எப்படியும் அதே நிலைக்கு இன்னொரு மான் வரும்.

தோடாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். அவ்வளவையும் ஏ5 தாளில் அடக்கினால் பொம்மையாகிவிடும். நான் ஒரு கையை மட்டும் வரைந்தேன். 752-ஆம் ஆண்டு இந்தச் சிலைக்குக் கண் திறந்த சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அதை அம்மாவிடம் சொன்னதும் அவள் சிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "அந்தக் காலத்துல எத்தனை நாள் கப்பல்ல வந்திருப்பாரு, என்ன சாப்பிட்டிருப்பாரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அவள் பக்கம் நிறையக் கேள்விகள்தான். அப்படிப்பட்ட பக்கங்களை விட்டுவிடாதீர்கள்.

ஒட்டுவதும் தேய்ப்பதும் முத்திரையும்

வரைய முடியாத நாளுக்கு இவை கைகொடுக்கும்.

ஜப்பானில் நிறைய ரயில் நிலையங்களில் ஒரு மேசை மீது ரப்பர் முத்திரையும் மைப் பெட்டியும் வைத்திருப்பார்கள். அந்த ஊரின் கோயிலோ மலையோ அதில் இருக்கும், இலவசம். இது 1931-இல் ஃபுக்குயி நிலையத்தில் தொடங்கிய வழக்கம். முத்திரை உள்ளங்கை அளவு இருக்கும், அதனால் இடம் விட்டு வையுங்கள். மை சில சமயம் வறண்டிருக்கும், முதலில் துண்டுக் காகிதத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு நோட்டில் வையுங்கள். முத்திரை வைக்கிற வேலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு நிலையத்திலும் அவளே தேடிக் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள்.

கோயில்களில் கிடைப்பது வேறு. அதன் பெயர் 'கோஷுயின்'. கோயில் ஆள் பிரஷால் நம் கண்ணெதிரே எழுதி, சிவப்பு முத்திரை வைத்து, தேதி போட்டுத் தருவார். வழக்கமாக 300 முதல் 500 யென். இதை டைரியில் வாங்கக் கூடாது. அது வழிபாட்டோடு சேர்ந்தது, அதற்கென்றே மடிப்பு நோட்டு உண்டு. ரயில் முத்திரையும் மான் படமும் இருக்கிற நோட்டை நீட்டினால் சில கோயில்களில் மறுத்துவிடுவார்கள். முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகு போய் வாங்குவது முறை. அம்மாவுக்குத் தனியாக ஒரு கோஷுயின் நோட்டு வாங்கிக் கொடுத்தேன், இப்போது அது பூஜை அலமாரியில் இருக்கிறது.

ரயில் டிக்கெட்டை ஒட்ட ஆசைப்பட்டால், வெளியே வரும் தானியங்கி வாயில் அதை விழுங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கிற வாயிலுக்குப் போய், டிக்கெட்டைக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், பயன்படுத்தியதற்கு அடையாளமாக ஒரு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். வாயிலில் தொட்டுவிட்டுப் போகிற கார்டு வைத்திருந்தால் டிக்கெட்டே வராது. டைரிக்காக ஓரிரு பயணத்துக்குக் காகித டிக்கெட் எடுங்கள்.

காசுகளை ஒட்ட வேண்டாம், கனம். மெல்லிய தாளைக் காசின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் உருவம் அப்படியே வரும். அதை வெட்டி ஒட்டுங்கள். டைரித் தாள் தடிமன், அதில் நேரடியாக வராது. பில் புத்தகத்தில் வருகிற மெல்லிய தாள் சரியாக இருக்கும். 5 யென் காசில் நெற்கதிர், நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பல்சக்கரம். அந்தக் காசின் பெயரான 'கோ-என்' உறவு, பந்தம் என்ற சொல்லைப் போலவே ஒலிப்பதால் கோயில் உண்டியலில் போட அதைத்தான் தேடி எடுப்பார்கள். 10 யென் காசில் இருக்கிற கட்டடம் உஜியில் இருக்கிறது: பியோடோயின் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபம், 1053-இல் கட்டியது. காலையில் காசைத் தேய்த்து ஒட்டிவிட்டு, உஜிக்குப் போய், குளத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே மண்டபத்தைப் பக்கத்திலேயே வரைந்தேன். என் பக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மேப்பிள் இலையை ஒட்ட ஆசை வரும். வேண்டாம். பழுப்பாகிவிடும், ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். செடி, இலை, விதையை நாட்டுக்கு நாடு கொண்டுபோகவும் கட்டுப்பாடு உண்டு. இலையைத் தாளில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் சுற்றி, நிறம் கொடுத்துவிட்டு, இலையை இருந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

அருங்காட்சியகங்களில் பொதுவாகப் பென்சில் மட்டும்தான், நிறமும் மையும் கூடாது. சில கோயில் அறைகளில் வரையவே கூடாது என்று பலகை இருக்கும். கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் போவதற்குத் தடை உண்டு, பலகையைப் பார்த்து நடங்கள்.

சாப்பாட்டுப் பக்கம்

நாங்கள் சைவம். ஜப்பானில் அது சுலபமில்லை, ஏனென்றால் காய்கறிச் சாற்றில்கூட 'தாஷி' இருக்கும், அது பெரும்பாலும் மீனில் இருந்து எடுத்தது. கோயில்களின் 'ஷோஜின் ரியோரி' என்ற சைவச் சாப்பாடு கியோட்டோவில் கிடைக்கும். விலை அதிகம், ஒரு நாள் போனோம். 'யூபா' என்பது சோயா பாலைக் காய்ச்சும்போது மேலே படிகிற ஆடை. "பாலாடை மாதிரியே இருக்கு, சர்க்கரை போட்டா நல்லாருக்கும்" என்று அம்மா எழுதியிருக்கிறாள். உப்பில் ஊறிய 'உமெபோஷி' பழத்தை வைத்த சோற்று உருண்டை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அதை "ஆவக்காய்ச் சோறு, எண்ணெய் இல்லாம" என்று குறித்திருக்கிறாள்.

சாப்பாட்டை வரைய வரிசையில் இருக்கிறவர்களைக் காக்க வைக்காதீர்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சூடாகச் சாப்பிட்டுவிட்டு, இரவு வரையுங்கள். போட்டோவைப் பார்த்து வரைவதை நான் அனுமதிக்கிற ஒரே இடம் இதுதான்.

அம்மாவின் பக்கம் நிறைய என்ன கேட்பது

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாருந்துச்சு" என்றுதான் பதில் வரும். நோட்டு நிறையாது. எனக்குப் பலித்த கேள்விகள் வேறு. இன்னிக்கு எது விலை அதிகம்னு தோணுச்சு? இது நம்ம ஊர்ல எது மாதிரி? இதைப் பாட்டி பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பா? கால் எந்த இடத்துல வலிச்சுது?

கேட்டுவிட்டு நீங்கள் எழுதிக்கொள்ளாதீர்கள். அவள் கையால்தான் எழுத வேண்டும். கண்ணாடி இல்லை, தூக்கம் வருகிறது என்றால் இரண்டு வரி போதும். பேசிக்கொண்டே எழுதும்போது பேச்சு வழக்கு அப்படியே வரும். அதுதான் நமக்கு வேண்டும். உஜியில் ஒரு தேநீர்க் கடையில் அம்மா அசநோஹா கோலத்தை நோட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரப் பாட்டி எட்டிப் பார்த்தார், உள்ளே போனார், அதே வடிவம் போட்ட ஒரு நீலக் கைத்துணியைக் கொண்டுவந்து நோட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. அம்மா தமிழிலேயே "இதுக்கு நாலு புள்ளி கம்மியா வெச்சிருக்கீங்க" என்று சொல்ல, அவர் தலையாட்டிச் சிரித்தார். நான் அந்தத் துணியின் ஓரத்தையும் இரண்டு ஜோடிக் கைகளையும் மட்டும் வரைந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு

முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் நடக்காது.

கடை ரசீதுகளில் பெரும்பாலானவை வெப்பத்தால் அச்சாகும் தாள், சில மாதங்களில் வெளுத்துவிடும். ஒட்ட நினைத்தால் ஜெராக்ஸ் எடுத்து, பிரதியை ஒட்டுங்கள். பசைக் குச்சி போதும். ஃபெவிகால் தாளை நெளிய வைக்கும். மைதாப் பசை வேண்டவே வேண்டாம், நம் ஊர்ப் பூச்சிக்கு அது விருந்து. ஓர் இரட்டைப் பக்கத்துக்கு ஒரு பொருளுக்கு மேல் ஒட்டாதீர்கள், இல்லாவிட்டால் நோட்டு வாய் பிளந்துகொண்டு நிற்கும்.

மென்மையான பென்சில் பக்கங்கள் மீது பட்டர் பேப்பர் வையுங்கள், எதிர்ப் பக்கத்தில் கரி ஒட்டாது. நெளிந்த தாள் இருந்தால் நோட்டை மூடி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விடுங்கள்.

பிறகு ஸ்கேன். அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், பெரிதாக்க நினைத்தால் 600. இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரிக்காமல் இரட்டைப் பக்கமாகவே எடுங்கள். அம்மாவின் எழுத்தும் உங்கள் படமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதைப் போட்டோ புத்தகமாக இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை உறவுக்காரர்கள் பார்க்கக் கொடுங்கள். அசல் நோட்டு அம்மாவிடம் இருக்கட்டும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசி நாலு பக்கத்தை நிரப்பாமல் விட்டு வையுங்கள். இதை நான் தெரிந்து செய்யவில்லை, தாள் மிச்சமிருந்தது. சித்திரை மாதம் திருச்சிக்குப் போனபோது டப்பாவைத் திறந்தேன். மூடியிருந்த நோட்டில் அம்மாவின் நீலப் பேனா செருகியிருந்தது. காலியாக இருந்த இடப்பக்கத்தில் புதிதாக நாலு வரி:

"உஜி ஆத்துப் பாலத்துல நின்னப்ப எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போறதுதான் அவளுக்கு வெளியூர். அன்னிக்கே சொல்லணும்னு நினைச்சேன். நீ வரைஞ்சிட்டிருந்த."

வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. பெட்டியிலிருந்து நிறங்களை எடுத்து வந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டி எந்த நிறப் புடவை கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போவாள் என்று கேட்டேன்.